யாருடைய கையெழுத்து தேவை? மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு பற்றி ஓர் எளிய விளக்கம்

மத்திய, மாநில உறவு பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாதங்கள் தவறாமல் வந்து விழும். "இந்தியா கூட்டாட்சி நாடு, மாநில விஷயத்தில் மத்திய அரசு மூக்கை நுழைக்கவே முடியாது" என்பது ஒன்று. "டெல்லி நினைத்தால் எந்த மாநில அரசையும் வீட்டுக்கு அனுப்பலாம், இதில் கூட்டாட்சி எங்கே இருக்கிறது?" என்பது மற்றொன்று. அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும். அதனால்தான் இந்த விவாதம் ஓய்வதே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், "யாருக்கு அதிகாரம் அதிகம்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது. அதிகாரத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது. "இந்தக் காரியம் நடக்க யாருடைய கையெழுத்து தேவை, அவர் மறுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி மூட்டம் விலகிவிடும். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை நகர்கிறது. வழக்கறிஞர்களுக்கு மட்டும் தேவைப்படும் நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன்.

வாடகைக் குடித்தனமும் சொந்த வீடும்

ஒரு கட்டடம் முழுவதும் ஒருவருக்கே சொந்தம். மற்றவர்கள் வாடகைக் குடித்தனம். அடுப்பை எங்கே வைப்பது, சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்பதையெல்லாம் குடித்தனக்காரரே முடிவு செய்யலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் வீட்டுக்காரர் விட்ட வரைக்கும்தான். அதே கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம் உண்டு. மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ஆகியவற்றைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். சங்கத்துக்குச் சந்தா கட்ட வேண்டும், அதன் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். ஆனாலும் சங்கச் செயலாளர் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வீட்டுக்காரரின் உரிமை பத்திரத்திலிருந்து வருகிறது, சங்கத்திடமிருந்து அல்ல.

முதலாவது ஒற்றையாட்சி, இரண்டாவது கூட்டாட்சி. ஒரே நாட்டில் இரண்டு நிலை அரசுகள் இருந்து, இரண்டும் தத்தம் அதிகாரத்தை எழுதிவைத்த அரசமைப்பிலிருந்தே நேரடியாகப் பெற்றால் அது கூட்டாட்சி. ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்த அதிகாரம் என்றால் அது வெறும் அதிகாரப் பகிர்வு.

இலங்கையைப் பாருங்கள். அந்நாட்டு அரசமைப்பின் 2-வது பிரிவே அதை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987-ல் 13-வது திருத்தத்தின் வழியே மாகாண சபைகள் வந்தன. காணி, காவல்துறை அதிகாரங்கள் தாளில் இடம்பெற்றும் முழுமையாகக் கைமாறவில்லை. 2014-க்குப் பிறகு பல ஆண்டுகளாக மாகாண சபைத் தேர்தலே நடத்தப்படவில்லை. மேலே இருப்பவர் மனம் வைக்காவிட்டால் கீழே இருக்கும் சபை வெறும் கட்டடமாகிவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மாநில உரிமை பேசும் மாநிலங்கள் தங்களுக்குக் கீழே இருக்கும் உள்ளாட்சிகளை இதே வாடகைக் கணக்கில்தான் நடத்துகின்றன. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்ட பிறகு, 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் அதிகாரிகளின் கையில் இருந்தது. 1992-ல் வந்த அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கின. அப்படியும் 2016 முதல் 2022 வரை சென்னைக்கு மேயர் இல்லை.

சரி, இந்தியா எந்த வகை? மாநிலங்களுக்குத் தனிப் பத்திரம் உண்டு; அந்த அளவில் கூட்டாட்சிதான். ஆனால் சங்கத்தின் கை வழக்கத்தைவிட நீளம். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1946-ல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு முன்வைத்த திட்டத்தில், மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றும், அவற்றுக்கு வேண்டிய நிதியும் மட்டுமே இருந்தன. முஸ்லிம் லீக்கை உள்ளே வைத்துக்கொள்ளவே அத்தனை மெலிந்த மையம். 1947 ஜூனில் பிரிவினை உறுதியானதும் அந்தத் தேவை போய்விட்டது. கலவரம், அகதிகள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைக்கும் வேலை என்று சூழல் தலைகீழாக மாறியது. அரசியல் நிர்ணய சபையும் வலுவான மையத்தின் பக்கம் சாய்ந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகப்படுத்திப் பேசிய அம்பேத்கர், இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவானதல்ல, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து போகும் உரிமை இல்லை என்று விளக்கினார்.

சுருக்கமாக: மாநிலங்கள் மத்திய அரசின் கிளை அலுவலகங்கள் அல்ல, தனி நாடுகளும் அல்ல. இரண்டு அரசுகளும் ஒரே எழுத்திலிருந்து பிறந்தவை. அந்த எழுத்து மையத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வாகவே எழுதப்பட்டது.

மூன்று பட்டியல்கள், ஒரு பஸ்

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. மத்தியப் பட்டியலில் இருப்பவை நாடாளுமன்றம் மட்டும் சட்டம் இயற்றக்கூடியவை: பாதுகாப்பு, வெளியுறவு, ரயில்வே, நாணயம். மாநிலப் பட்டியலில் இருப்பவை சட்டமன்றத்துக்கு உரியவை: காவல்துறை, பொது சுகாதாரம், நிலம், வேளாண்மை, மதுபானம். பொதுப் பட்டியலில் இருப்பவற்றுக்கு இருவரும் சட்டம் இயற்றலாம்: குற்றவியல் சட்டம், திருமணம், மின்சாரம், தொழிலாளர் நலன். 1950-ல் இவற்றில் முறையே 97, 66, 47 இனங்கள் இருந்தன. மூன்றிலும் இல்லாத புதிய விஷயம் முளைத்தால் அது எஞ்சிய அதிகாரம். அது நாடாளுமன்றத்துக்குப் போகும். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு: மத்திய அரசுக்குக் கொடுக்காதவை எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் 10-வது திருத்தம்.

தாளில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ஓர் இரவு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அந்தத் தெளிவு கலங்கிவிடும். டிக்கெட் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. பஸ்ஸுக்கான வாகன வரியும் மாநிலத்துக்கு. ஓட்டுநரின் உரிமமும் பஸ்ஸின் பர்மிட்டும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வழங்கப்படுகின்றன. அது பொதுப் பட்டியலின் கீழ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதைச் செயல்படுத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மாநிலத்துடையது. சுங்கச்சாவடி வந்தால் அது தேசிய நெடுஞ்சாலை, மத்தியப் பட்டியல். டாங்கில் இருக்கும் டீசலுக்கு மத்திய அரசின் கலால் வரியும் உண்டு, மாநிலத்தின் வாட் வரியும் உண்டு.

வழியில் விபத்து நேர்ந்தால் ஓடி வரும் போலீஸ்காரர் மாநில ஊழியர். அவர் பதியும் வழக்கு மத்தியச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும். காயமடைந்தவர் சேரும் அரசு மருத்துவமனை மாநிலப் பட்டியல், அங்கே இருக்கும் டாக்டரின் படிப்பு பொதுப் பட்டியல், இழப்பீடு தரும் இன்சூரன்ஸ் மத்தியப் பட்டியல். ஒரே பஸ்ஸுக்குள் மூன்று பட்டியலும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே "இது மாநிலப் பட்டியல், பேச்சு முடிந்தது" என்று யாராவது சொன்னால் பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது என்று பொருள். ஒரு சட்டம் இரண்டு பட்டியல்களையும் தொட்டால், அதன் சாரம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்று நீதிமன்றம் பார்க்கும். 2020-ல் வந்த வேளாண் சட்டங்களில் இந்தச் சண்டைதான் நடந்தது. வேளாண்மையும் சந்தைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன என்றன மாநிலங்கள். உணவுப்பொருள் வணிகம் பொதுப் பட்டியலின் 33-வது இனம் என்றது மத்திய அரசு. 2021 நவம்பரில் சட்டங்களே திரும்பப் பெறப்பட்டதால் இறுதித் தீர்ப்பு வரவில்லை.

பட்டியல்கள் கல்வெட்டும் அல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தம் கல்வி, காடு, வன உயிரினப் பாதுகாப்பு, எடையளவு, கீழமை நீதிமன்ற அமைப்பு ஆகிய ஐந்தை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. "கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பிக் கொடு" என்று தமிழ்நாட்டில் இன்றும் எழும் கோரிக்கையின் வேர் அங்கே இருக்கிறது.

ஒரே விஷயத்தில் இரண்டு சட்டங்கள் மோதினால்

பொதுப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்துக்கு நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத சட்டங்களை இயற்றினால் அதை முரண்பாடு என்கிறோம். 254-வது பிரிவின்படி அப்போது மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாததாகிவிடும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் செல்லும். குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பதை நினைவில் கொள்க.

இந்த விதிவிலக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ்நாடு 2017-ல் அடுத்தடுத்து இரண்டு விதமாகக் கண்டது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட ஜனவரி அது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது; தடைக்கு அடிப்படையாக இருந்தது 1960-ம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. எட்டே நாள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அதே சட்டமன்றம் அடுத்த நாளே, பிப்ரவரி 1 அன்று, நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. அவையும் அதே வழியில் டெல்லிக்குப் போயின. செப்டம்பரில் ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் நிறைவேறிய மற்றொரு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். அதற்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இத்தனைக்கும், தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்த தமிழ்நாட்டின் 2006-ம் ஆண்டுச் சட்டத்துக்கு 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்திருந்தார்.

ஜல்லிக்கட்டும் நீட்டும் சட்ட ரீதியாக ஒன்றல்ல என்று வாதிடுபவர்கள் உண்டு. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66-வது இனம், நீட் அதற்குள் அடங்கும் என்பது அவர்கள் தரப்பு. வலுவான வாதம்தான். ஆனால் ஒப்புதல் தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தில் வாதாடி எடுக்கப்படும் முடிவு அல்ல. 2007-ல் மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மத்தியக் கூட்டணியில் பங்காளி. 2017 ஜனவரியில் தெருவெல்லாம் கூட்டம். 254-வது பிரிவின் வாசகம் இந்தப் பத்தாண்டுகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதுவரை பார்த்தது: பட்டியல்கள் தொடக்கம் மட்டுமே. பொதுப் பட்டியலில் மாநிலத்துக்கு இடம் உண்டு, ஆனால் மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருந்தால் டெல்லியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து கிடைப்பது சட்டத்தைவிட அரசியலைப் பொறுத்தது.

ஆளுநரின் மேசை

மாநிலப் பட்டியலிலேயே உள்ள விஷயம் என்றாலும், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாக ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். ஆளுநரை நியமிப்பது மத்திய அரசு. 200-வது பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்கலாம். திருப்பி அனுப்பியதைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. எத்தனை நாளுக்குள் என்று மட்டும் எழுதவில்லை. எழுதியவர்கள் கண்ணியத்தை நம்பி விட்ட இடைவெளி அது. பின்னால் வந்தவர்கள் அதில் மசோதாக்களை ஊறப்போட்டார்கள்.

தமிழ்நாடு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு, நிலுவையில் இருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்து, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் விதித்தது. மாநில உரிமை பேசுபவர்கள் கொண்டாடினார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர், 143-வது பிரிவின்கீழ் இது பற்றி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் தங்கள் கருத்தைச் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் முடியாது. அதே சமயம் ஆளுநர் காரணமின்றிக் காலவரையற்றுக் கிடப்பில் போட்டால், நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒரு முடிவை எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். "ஏதாவது ஒரு முடிவு" என்பதைக் கவனியுங்கள். என்ன முடிவு என்று நீதிமன்றம் சொல்லாது.

எல்லையை மாற்றுதல், ஆட்சியைக் கலைத்தல்

3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையுடன் புதிய மாநிலத்தை உருவாக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. சென்னை மாநிலம் 1969-ல் தமிழ்நாடு ஆனதும் இந்தப் பிரிவின் வழியாகத்தான்.

356-வது பிரிவு இன்னும் பெரிய ஆயுதம். ஒரு மாநிலத்தில் அரசமைப்புப்படி ஆட்சி நடத்த முடியாத நிலை என்று ஆளுநர் அறிக்கை அனுப்பினாலோ, வேறு வகையில் தெரியவந்தாலோ, குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரலாம். இரண்டு மாதங்களுக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும். நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தப்பட்ட பிரிவு இது. கேரளத்தில் 1959-ல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அரசு கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976-ல் கருணாநிதி, 1980-ல் எம்.ஜி.ஆர்., 1991-ல் மறுபடி கருணாநிதி. 1991-ல் அப்போதைய ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். பிரிவில் இருக்கும் "வேறு வகையில்" என்ற சொற்களைக் கொண்டு, அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள்.

இந்த ஆயுதத்தை மழுங்கடித்தது ஒரு வழக்கு. கர்நாடகத்தில் 1989 ஏப்ரலில் எஸ்.ஆர். பொம்மையின் அரசு கலைக்கப்பட்டது. எம்.எல்.ஏ.க்கள் சிலர் ஆதரவை விலக்கிக்கொண்டதாக ஆளுநருக்குக் கடிதங்கள் வந்தன. அவர்களில் சிலர், தங்கள் கையெழுத்து ஏமாற்றிப் பெறப்பட்டது என்று பின்வாங்கினார்கள். "சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், பெரும்பான்மையை நிரூபிக்கிறேன்" என்று பொம்மை கேட்டும் வாய்ப்புத் தரவில்லை. 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு வழங்கியது. பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றமே, ஆளுநர் மாளிகை அல்ல. கலைப்புக்கான காரணத்தை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றம் ஏற்பதற்கு முன் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. தவறு என்று தெரிந்தால் கலைத்த அரசை மீண்டும் அமர்த்தலாம். கூட்டாட்சி என்பது நாடாளுமன்றம் திருத்தத்தால்கூட அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு பகுதி என்பதும் இந்தத் தீர்ப்பில் உறுதியானது. பொம்மைக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை, காலம் கடந்திருந்தது. ஆனால் 2016-ல் அருணாசலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் பதவியிழந்த அரசுகள் நீதிமன்றத்தின் தலையீட்டால் திரும்ப வந்தன.

நீதிமன்றத்தை மட்டும் புகழ்வதும் சரியல்ல. 1989 முதல் 2014 வரை மத்தியில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. மாநிலக் கட்சிகளின் ஆதரவில் ஆட்சி ஓட்டியவர்கள், மாநில அரசுகளைக் கலைக்கத் துணியுமுன் இரண்டு முறை யோசித்தார்கள்.

பணம்

நாட்டின் பொதுச் செலவில் ஏறக்குறைய 60 சதவீதத்தைச் செய்பவை மாநிலங்கள். பள்ளி, மருத்துவமனை, போலீஸ், பாசனம் எல்லாம் அவர்கள் தலையில். ஆனால் வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி போன்ற கொழுத்த வரிகள் மத்திய அரசிடம். இந்த இடைவெளியை நிரப்ப, 280-வது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைக்கப்படும். மாநிலங்களோடு பகிர வேண்டிய மத்திய வரிகளின் மொத்தத்தைப் பகிர்வுத் தொகுப்பு என்பார்கள். அதில் மாநிலங்களுக்கு 14-வது நிதிக்குழு 42 சதவீதம் என்றது. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமான பிறகு 15-வது குழு அதை 41 சதவீதமாக்கியது. அந்த 41-ஐ மாநிலங்களுக்கிடையே பிரித்தபோது உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதமும் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் கிடைத்தன. தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் என்பதற்கே 45 சதவீத மதிப்பு கொடுத்திருந்தார்கள். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது எந்தக் கூட்டாட்சியிலும் உள்ள நடைமுறை. எந்த அளவுக்கு என்பதில்தான் தகராறு.

இந்தச் சதவீதங்களைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தொகுப்புக்குள் எது வருகிறது என்பது. குறிப்பிட்ட காரியத்துக்கென்று வசூலிக்கும் செஸ், வரி மீது விதிக்கும் வரியான சர்சார்ஜ் ஆகிய இரண்டும் தொகுப்புக்கு வெளியே நிற்பவை. மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி முழுவதும் செஸ்ஸும் சிறப்புக் கூடுதல் வரியும். 1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம் என்றால் 57 காசு. அந்த 57 காசைத்தான் 28 மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிதிக்குழு சொன்ன சதவீதத்தில் யாரும் கை வைக்கவில்லை.

நினைவில் வைக்க: சட்டம் இயற்றும் அதிகாரம் ஒரு பட்டியலில் இருக்கும், அதைச் செயல்படுத்தும் பணம் வேறொருவர் பையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மாநிலத்தின் உண்மையான கைவீச்சு தெரியும்.

மாநிலம் மறுக்கக்கூடிய இடங்கள்

கையெழுத்து எல்லாம் டெல்லியிடமே இருப்பதாகத் தோன்றினால் அதுவும் அரைகுறைப் படம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலத்தில் சி.பி.ஐ. விசாரணை நடத்த அந்த மாநிலத்தின் சம்மதம் வேண்டும். சி.பி.ஐ.க்கு அடிப்படையான 1946-ம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே தந்திருந்த பொதுச் சம்மதத்தைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் மட்டும் சம்மதம் தேவையில்லை.

நீதிமன்றங்களும் எப்போதும் மையத்தின் பக்கம் சாய்வதில்லை. 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமத்துக்கான ராயல்டி வரி ஆகாது, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அடுத்த சில மாதங்களில் அப்படியொரு வரிச் சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலை ஆல்கஹால் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று மற்றொரு ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது.

ஒரு மாநிலமா, மாநிலங்களா?

கடைசியாக, பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு வேறுபாடு. அரசமைப்பு தரும் பாதுகாப்புகளில் பல, மாநிலங்கள் கூட்டாகச் சேர்ந்தால் பயன்படுபவை. தனியாக நிற்கும் ஒரு மாநிலத்துக்கு அவை உதவுவதில்லை.

சரக்கு, சேவை வரி பற்றி மத்திய, மாநில அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் வாக்குக் கணக்கு இதைத் துல்லியமாகக் காட்டும். அதில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. 28 மாநிலங்களும் சட்டமன்றம் உள்ள 3 யூனியன் பிரதேசங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீதம் வேண்டும். 31 பேரும் ஒன்று சேர்ந்தாலும் கிடைப்பது 66.7 சதவீதம், மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நிறைவேறாது. மறுபுறம், மத்திய அரசு விரும்புவது நிறைவேற எல்லோரும் வந்திருக்கும் கூட்டத்தில் குறைந்தது 20 பேர் ஆதரவு வேண்டும். 12 பேர் கைகோத்தால் தடுத்துவிடலாம். ஒருவர் எதிர்த்தால் அது கூட்டக் குறிப்பில் இடம்பெறும், அவ்வளவுதான். கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் நாடு முழுவதும் ஒரே வரி அமைப்பு ஓடும்போது தனியாகக் கழன்று நிற்பது எந்த நிதியமைச்சருக்கும் எளிதல்ல.

அரசமைப்பைத் திருத்துவதும் இப்படித்தான். பட்டியல்களையோ, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தையோ மாற்ற வேண்டுமானால், இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை போதாது; 368-வது பிரிவின்படி பாதிக்குக் குறையாத சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். பாதி போதும். மீதிப் பாதியில் இருக்கும் மாநிலம் எதிர்த்தாலும் திருத்தம் அதன்மீதும் பாயும்.

விற்பனை வரி அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களிடமிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாற்றிய திருத்தம் 2016 ஆகஸ்டில் மாநிலங்களவைக்கு வந்தபோது, அப்போது தமிழ்நாட்டை ஆண்ட அ.தி.மு.க. எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்பு செய்தது. தேவையான எண்ணிக்கையில் மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தந்துவிட்டதால், செப்டம்பர் முதல் வாரம் முடியுமுன் திருத்தம் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. 2017 ஜூனில், புதிய வரி அமலாகும் ஜூலை 1-க்கு முன்பாக, தமிழ்நாடு சட்டமன்றம் தன் ஜி.எஸ்.டி. சட்டத்தை நிறைவேற்றியது.